தேய்மானம்

ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில்
மிஸிஸ் அல்விஸ் கைப்பட எழுதியிருந்தார்:
செட்டி ஒன்று, மூன்று பேர் இருக்கலாம்,
மொறட்டுவையில் செய்தது, கீறல் இல்லை.
கீழே என் கையெழுத்து.
அன்றைக்கு என்னிடம் பூனை இல்லை.

சில்லறை வந்தது வைகாசி மழையில்.
ஹெவ்லொக் வீதியில் ஓட்டோக்காரர்
ஐம்பது ரூபாய் மிச்சம் தேடி
சீற்றுக்கு அடியில் கையை விட,
காசுக்குப் பதில் இது வந்தது.
"வைச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.
மிச்சத்தையா பூனையையா என்று கேட்கவில்லை.

நான் கணக்காய்வாளன். கோட்டையில், ஏழாம் மாடி.
மற்றவர்களுடைய மேசை, கதிரை, குளிரூட்டி
வருடத்துக்கு எவ்வளவு தேயும் என்று
கேட்டால் சொல்வேன்.
பத்து வருடத் தேய்மானத்தைச் சில்லறை
பதினொரு நாளில் முடித்தது,
செட்டியின் இடது கையில் தொடங்கி.

முதலில் தேசிக்காய்த் தோல் வைத்தேன்.
அதை உருட்டி விளையாடியது.
பிறகு வினாகிரி.
வந்தது, முகர்ந்தது, தும்மியது, கீறியது.
வராமல் விட்டவர்கள் விருந்தாளிகள்தான்.
இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடா ஒட்டினேன்.
அகப்பட்டது என் காற்சட்டை,
வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு,
வெள்ளவத்தையை விட்டு ரயில் வெளிக்கிடும் சத்தம்
காதில் விழ விழ.
அதட்டியும் பார்த்தேன். ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொண்டது:
நான் குளிக்கும் நேரம் பார்த்துக் கீறுவது.

நகத்தைக் கழற்றிவிட்டால் என்ன என்று
அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்.
மிருக வைத்தியர் தன் சுட்டுவிரலை நீட்டி
நுனிக் கணுவைத் தொட்டுக் காட்டினார்:
"நகம் மட்டும் இல்லை. இவ்வளவும் போகும்."
அன்றிரவு அறிக்கை தட்டச்சிட்டபோது
அந்தக் கணு எனக்கு வலித்தது.

பிறகுதான் குறிப்பெடுக்கத் தொடங்கினேன்,
வேறு வித்தை தெரியாதவன்.
நித்திரையால் எழும்பினால்: ஒரு தரம், சிறிது.
சாப்பாட்டுக்கு முன்: இல்லை.
பின்னேரம் ஆறு நாற்பது,
கதவில் நான் திறப்பைத் திருப்பியதும்:
முதுகை வில்லாய் இழுத்து
இடது கையில் பதினாலு இழுவை.
இரண்டு கிழமை, ஒரு நாளும் தவறாமல்.
வேலை முடியாமல் ஒன்பது பத்துக்கு வந்த வியாழன்:
இருபத்தாறு.

கொப்பியை மூடிவிட்டு
சப்பாத்தைக் கழற்றாமல்
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

காலி வீதி ஹாட்வெயரில் ரிஸ்கான்
தும்புக்கயிற்றை மீற்றர் மீற்றராய் அளந்தான்.
என்னத்துக்கு என்றான். சொன்னேன். சிரிக்கவில்லை.
"ஆடினா கிட்டவும் வராது.
அடியில சீமெந்து ஊத்துங்க."
பழைய பெயின்ற் வாளி, மரக்குற்றி,
பூனை நீட்டி நின்றால் எட்டாத உயரம்.
வைத்தது மூலையில் அல்ல;
இடது கைக்குப் பக்கத்தில்,
போகிற வருகிற நேரமெல்லாம்
என் கால் இடிபடுகிற இடத்தில்.

மூன்று நாள் அது திரும்பியும் பார்க்கவில்லை.
நாலாம் இரவு முழங்காலில் இருந்து
நானே கீறிக் காட்டினேன்,
பத்து விரலாலும், சரக், சரக்.
தலை நிமிர்ந்தால், ஒழுங்கைக்கு எதிர் பல்கனியில்
ஈரச் சாரத்தோடு நின்ற கோகுலராஜ்
மெல்ல விளக்கை அணைத்தார்.

அந்த இருட்டில்
என் கைக்கு ஒரு சாண் மேலே
இன்னொரு கை வந்து பிடித்தது.

மிஸிஸ் அல்விஸ் மாசியில் வருவார்.
முற்பணத்தில் எவ்வளவு கழிப்பார் என்று
கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன்.
துவாய் விரித்து மறைக்கலாம். மறைக்கவில்லை.

இப்போது ஆறு நாற்பதுக்குத் திறப்பைத் திருப்பினால்
சத்தம் கயிற்றிலிருந்து வருகிறது,
சில நாள் செட்டியிலிருந்தும்.
நிலமெல்லாம் தும்புத் தூள்.
கூட்டி அள்ளுகிறேன்.
இதை எந்த நிரலில் போடுவது என்று
இன்னும் தீர்மானிக்கவில்லை.